பிளேடு ஏன் விட்டுப்போனது?

கேள்வி: 6 இன்ச் கண்ணாடி வைத்து வீட்டிலேயே டெலஸ்கோப் செய்துகொண்டிருக்கிறேன். குழாயின் வாய்ப்பக்கம் வரும் சின்னக் கண்ணாடியைத் தாங்க, 25 மி.மீ. அலுமினியத் தண்டைச் சுற்றி நான்கு ஹேக்சா பிளேடு துண்டுகளை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். கல் மாதிரி பிடித்தது. இரண்டாம் நாள் கை பட்டதும் இரண்டு பிளேடு டக்கென்று விட்டுவிட்டது. பசையை நம்பி உலோகத்தை ஒட்டவே முடியாதா?
- வாசகர் ஒருவர், கரூர்

பதில்: தாராளமாக ஒட்டலாம். 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அடிச்சட்டமே அலுமினியத் துண்டுகளை எபாக்ஸியால் (இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் பசை) ஒட்டிச் செய்ததுதான். அதனால் மனம் தளர வேண்டாம்.

உங்கள் பசையை விட, ஒட்டிய விதத்தில்தான் கோளாறு. பிளேடின் தடிமன் சுமார் 0.65 மி.மீ., அகலம் 12.5 மி.மீ. அதன் முனையை அப்படியே தண்டின் மேல் நிறுத்தி ஒட்டினால் பசைக்குக் கிடைக்கும் இடம் வெறும் 8 சதுர மி.மீ. பக்கவாட்டில் யாராவது இடித்தால் அந்த நீளமான பிளேடு நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஓரத்திலிருந்து பிய்த்துவிடும், இன்ஸ்டன்ட் பசை இறுகியதும் நொறுங்கும் தன்மை கொண்டது என்பதால் தாங்கவே தாங்காது. ஒட்டிய பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று நழுவவைக்கும் விசையைப் பசை நன்றாகத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கும் விசைக்குத்தான் தோற்கும்.

அதனால் தண்டில் நான்கு பக்கமும் நீளவாக்கில் 9 மி.மீ. ஆழத்துக்கு ஹேக்சாவாலேயே வெட்டுங்கள். பற்கள் இருபுறமும் வளைந்திருப்பதால் அந்த வெட்டு பிளேடின் உடம்பை விடக் கொஞ்சம் அகலமாக விழும், எபாக்ஸிக்கு வேண்டிய சின்ன இடைவெளி உங்களுக்குச் சும்மாவே கிடைத்துவிடுகிறது (எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது!). பிளேடின் ஓட்டை உள்ள முனையை உள்ளே செருகினால் இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 200 சதுர மி.மீ. ஒட்டும், ஓட்டைக்குள் பசை புகுந்து இறுகி ஒரு ஆணி மாதிரியும் நின்றுகொள்ளும்.

சரி, இப்போது சுத்தம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். பிளேடில் உள்ள பெயின்ட் முழுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஒட்டுவது பெயின்டைத்தான். அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தை உலர்த்தி, விரல் படாமல், உடனே ஒட்டுங்கள், ஏனென்றால் தேய்த்த அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உடனுக்குடன் வளர ஆரம்பித்துவிடும்.

பசைக்கு அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி, அதிலும் ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகையே வாங்குங்கள். அட்டையில் போட்டிருக்கும் அளவில் கலக்கவும். ஹார்டனரை (பசையை இறுகவைக்கும் டியூப்) கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்துக் கூட்டினால் ஒட்டு பலவீனமாகிவிடும். கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலில் அலர்ஜி உண்டாக்கும். கிளாம்பை இறுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றிவிடாதீர்கள், நகராமல் பிடித்தால் போதும். ஒருநாள் முழுக்க அசைக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று, அந்தச் சின்னக் கண்ணாடி கழன்றால் நேரே பெரிய கண்ணாடியின் மேல்தான் விழும். முதல் ஒரு வாரம் கண்ணாடிக்குப் பதில் அதே எடையுள்ள ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயை நாலாபக்கமும் திருப்பிப் பாருங்கள், பிறகு கண்ணாடியை மாட்டலாம்.