லீவில் வந்து அப்படியே நின்றுவிடலாமா?

கேள்வி: என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு டீச்சர். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். போன மாதம் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இனி அவரைத் தனியாக விட முடியாது. ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. பள்ளியில் பேசினால், கல்வியாண்டு முடியாமல் விடமாட்டோம் என்கிறார்கள். ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி பாதிதான் வரும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். டிசம்பர் லீவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டால் என்ன?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள் டீச்சர். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

லீவு முடிந்து தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணம் சொல்லாமல் வராவிட்டால், பள்ளி உங்களை நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம், வேலையை விட்டு ஓடியவர் என்று புகாரும் கொடுக்கலாம். அப்புறம் ஒரு வருடத்துக்கு அங்கே வேறு வேலைக்கு அனுமதி கிடைக்காது. நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தையும் உங்களிடமிருந்தே பிடிப்பார்கள். இரண்டு மாத நோட்டீஸ் என்றால் இரண்டு மாத முழுச் சம்பளம். இதையெல்லாம் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து போனில் சரிசெய்வது பெரும்பாடு. ‘இனி அந்தப் பக்கமே வேண்டாம்’ என்று வந்துவிட்டு, இரண்டு வருடத்தில் மறுபடியும் பாஸ்போர்ட்டைத் தூசி தட்டுகிறவர்களை நெல்லைச் சீமையில் தெருவுக்கு ஒருவராவது காட்டலாம். நாளைக்கு உங்களுக்கும் அப்படித் தோன்றினால் கதவு திறந்திருக்கட்டும்.

கல்வியாண்டு முடிகிறவரை விடமாட்டோம் என்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. அமீரகத்தின் இப்போதைய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் இரு தரப்பில் யாரும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் 30 நாளுக்குக் குறையக்கூடாது, 90 நாளுக்கு மிஞ்சக்கூடாது. உங்கள் இரண்டு மாதம் அதற்குள்தான் வருகிறது. பிரின்சிபால் அறையில் வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது. எச்.ஆருக்கும் பிரின்சிபாலுக்கும் ஒரே மெயில் போடுங்கள். ராஜினாமா தேதி, கடைசி வேலை நாள் இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். மெயில் கிடைத்தது என்று ஒரு வரி பதில் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்று முதல் நாள் ஓட ஆரம்பிக்கும்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் நோட்டீஸைக் குறைக்கலாம், அதுவும் எழுத்தில். நீங்கள் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எடுப்பவர் என்றால், பள்ளிக்கு உள்ளூர இருக்கிற கவலை பிப்ரவரியில் தொடங்கும் சிபிஎஸ்இ தேர்வு. போர்ஷனை முடித்து, ரிவிஷன் தாள்களையும் மார்க் பதிவுகளையும் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்று நீங்களே முந்திச் சொன்னால் பேச்சின் தொனி மாறிவிடும். அதற்குள் அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், போவதற்கு முன் சம்பளமில்லா விடுப்பை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

சரி, கிராஜுவிட்டி. பாதிதான் வரும் என்பது பழைய சட்டத்தின் மிச்சம். அதில் ஐந்து வருடம் முடியாமல் ராஜினாமா செய்தால் பல ஒப்பந்தங்களில் வெட்டு உண்டு. அந்தப் பயம் ஸ்டாஃப் ரூமில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் முழுத் தொகை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். ஆனால் கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான், வீட்டு வாடகைப் படி சேராது. உங்கள் பேசிக் 3,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100. ஐந்து வருடத்துக்கு 10,500, ஆறாவது வருடத்துக்கு 3,000, ஆக 13,500 திர்ஹம். மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தீர்கள் என்றால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சம்பளமில்லா விடுப்பு நாட்கள் சேவைக் காலத்தில் சேராது.

ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கி எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். விசா ரத்துக்கு முன்னால் வேலை அனுமதி ரத்துக்கான தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது’ என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். ‘போட்டுக் கொடுங்க மிஸ், பணம் அடுத்த வாரம் ஏறிடும்’ என்பார்கள். போடாதீர்கள். முதலில் கணக்குத் தாளை வாங்கிப் பேசிக், நாட்கள், பிடித்தம் மூன்றையும் சரிபாருங்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகு கையெழுத்து. இழுத்தடித்தால் மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். ஊருக்கு வந்தபின் கொடுப்பதைவிட, அங்கே இருக்கும்போதே கொடுப்பது எளிது.

அனுபவச் சான்றிதழும் இதே கட்டத்தில் வாங்க வேண்டியது. ‘டீச்சராக வேலை பார்த்தார்’ என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். எந்த வகுப்பு, என்ன பாடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். ஷார்ஜாவில் இருக்கும்போதே அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரையும் இந்தியத் துணைத் தூதரக முத்திரையும் வாங்கி வைத்தால் பின்னால் அலைய வேண்டாம். பிள்ளையை அங்கே படிக்க வைப்பவர்கள் டி.சி.க்கும் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் விசா உங்கள் பெயரில் இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும்.

கிரெடிட் கார்டு, லோன் இருந்தால் வங்கியில் முன்கூட்டியே பேசுங்கள். கடைசிப் பணம் ஏறியதும் லோனுக்காக அதை வங்கி நிறுத்தி வைப்பது உண்டு. மின்சாரம், தண்ணீர் தரும் ‘சேவா’ நிறுவனத்தில் கட்டிய டெபாசிட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த ஊர் சிம்மை மட்டும் கடைசித் திர்ஹம் ஊருக்கு வந்து சேரும்வரை உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கிராஜுவிட்டியை அங்கே உள்ள கணக்கிலேயே வாங்கி, பிறகு ஊருக்கு அனுப்புங்கள். சேமிப்பைக் கொண்டுவருவதற்கு இங்கே வரி கிடையாது. நிரந்தரமாக வந்துவிட்டதை வங்கிக்குச் சொல்லி, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றியபின் வரும் வட்டிக்கு வரி உண்டு.

பயணச் சீட்டு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்களாக விலகுவதால் பள்ளி மறுக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பெண்ணுக்கு நகை 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரை சுங்கச் சலுகை. மிஞ்சினால் பில்லோடு ரெட் சானலில் போய்ச் சொல்லிவிடுங்கள். சட்டி பானையையெல்லாம் கார்கோவில் போடாதீர்கள், அந்தக் காசுக்கு இங்கே புதிதாகவே வாங்கலாம்.

ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, நாங்குநேரி வழியாக வீடு வந்து சேரலாம். ஆறு வருடச் சாமானோடு தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நம்ம ஊர் வண்டியையே வரச்சொல்லுங்கள், கேரள பெர்மிட் எடுத்துவிட்டாரா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்கள் தென்மலை, செங்கோட்டை வழியைப் பிடிக்கலாம்.

வேலையைப் பொறுத்தவரை, பாளையங்கோட்டையில் பள்ளிக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளியிலும் சிறுபான்மையினர் நடத்தாத உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும், ஷார்ஜா அனுபவம் அதற்கு ஈடாகாது. சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு ஜனவரி முதலே ஆள் தேடுவார்கள். இந்த வாரம் நோட்டீஸ் கொடுத்தால், அம்மா வாக்கர் பிடித்து நடக்கப் பழகும் நேரத்தில் நீங்கள் டெமோ கிளாஸுக்குப் போய்வரலாம்.