கோதுமையை விட்ட பிறகும் வயிறு அடங்கவில்லையா?

கேள்வி: வயது 34. சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று உறுதியாகி ஓராண்டாகக் கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. ஆனாலும் மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறது, எடை ஏறவில்லை. கணையம் கெட்டுவிட்டதா? மெடிக்கலில் விற்கும் என்சைம் சிரப் குடிக்கலாமா?

பதில்: சிரப் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸும் புரதத்தை உடைக்கும் பெப்சினும்தான். உங்களுக்குச் செரிக்காதது கொழுப்பு. அதற்குக் கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற என்சைம் வேண்டும்.

கணையத்துக்குப் போகுமுன் சமையலறையைப் பாருங்கள். பத்தியம் இருந்தும் தொந்தரவு தீராததற்கு முதல் காரணம், தெரியாமல் உள்ளே போகும் குளூட்டன். நான் முதலில் கேட்பது பெருங்காயத்தை. கூட்டுப் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம்தான், மிச்சம் மாவு. பல டப்பாக்களில் அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று தினமும் வருகிறதே! அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைக் கொட்டினால் அதுவும் கோதுமை கலந்த மாவுதான். பார்லி மால்ட் பானங்களும் கடைச் சத்துமாவும் அப்படியே.

இவை எல்லாம் சரி என்றால் கணையம். கொழுப்பு வந்து சேர்ந்ததும் சிறுகுடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து கணையத்துக்குச் சேதி சொல்லும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்களான குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால் அந்தச் சேதி சரியாகப் போகாது, நல்ல கணையமும் சும்மா கிடக்கும். குடல் ஆற ஆறப் பலருக்கு இது சரியாகிவிடும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைம் எவ்வளவு என்று பார்க்கும் மல எலாஸ்டேஸ் பரிசோதனையில் தெரியும்: கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 100க்குக் கீழே தீவிரம். தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுக்காதீர்கள், பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

குறைவு உறுதியானால் மருத்துவர் கணைய என்சைம் கேப்சூல் தருவார். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைப்பேஸ் யூனிட், நொறுக்குத்தீனிக்குப் பாதி என்று தொடங்குவது வழக்கம். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. கை கழுவிய பிறகு போட்டால் பலன் குறைவு. மெல்லவோ பொடிக்கவோ கூடாது. இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது, ஆட்சேபம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

‘குளூட்டனைச் செரிக்கும்’ என்று விற்கும் மாத்திரையை நம்பிப் பரோட்டாவில் கை வைக்காதீர்கள். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினாலோ, கண் மஞ்சளானாலோ, புதிதாகச் சர்க்கரை ஏறினாலோ இந்தச் சோதனைகளுக்குக் காத்திருக்காமல் குடல்நோய் நிபுணரிடம் போங்கள்.