கப்பி மீன் படத்தில் கோடும் வெள்ளைத் திட்டும்

தொட்டியில் கப்பி மீனைப் படமெடுத்தால் வால் கோடாக இழுபடுகிறது, வெள்ளைத் திட்டும் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/200 வினாடிக்கு ஏற்றுங்கள். உங்கள் கப்பி வாலெல்லாம் கோடாக இழுபடுவது ஷட்டர் மெதுவாக இருப்பதால்தான், கமராவில் பிழையில்லை. போனில் புரோ மோட் (அளவுகளை நாமே மாற்றும் முறை) இருந்தால் அங்கே மாற்றலாம். அப்போது ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் அளவு, 1600 வரை போகும், படம் கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும். பரவாயில்லை, மங்கலை விட அது மேல்.

வெள்ளைத் திட்டு வேறு விஷயம். தொட்டி கடற்கரைப் பக்க யன்னலுக்கு எதிரே, எடுப்பது காலையில் என்கிறீர்கள். திருகோணமலையில் சூரியன் கடல் பக்கமிருந்து ஏறும்போது கண்ணாடியில் வேறென்ன தெரியும்? இரவில் அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் திட்டு இருந்தால், பிளாஷ் தானாக எரிகிறதா என்று பாருங்கள்.

லென்ஸைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிப் பிடியுங்கள். சரித்தால் மீனின் ஓரம் கலங்கும். மீனைத் துரத்தாமல் ஒரு செடியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடியை உரசி வரும் மீன் மட்டும் ஃபோகஸில் பிடிபடாது, அதை விட்டுவிடுங்கள்.

ஒன்று: மலிவான எல்இடி என்றால் 1/200இல் படத்தில் கருப்புப் பட்டைகள் விழலாம். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், விளக்கு அதற்கேற்பச் சிமிட்டும். அப்படியானால் 1/100க்கு இறக்கி, மீன் திரும்பும் முன் ஒரு கணம் நிற்குமே, அப்போது அமுக்குங்கள்.