ஜீப்பின் தேய்ந்த பிறேக் பாட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

முன்சில்லுப் பாட் என்றால் மாற்றலாம். பின்பக்கத்தில் மின்சார ஹான்ட்பிறேக் இருந்தால் கராஜுக்கே விடுங்கள்.

பிறேக் பாட் என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுக் கட்டை, அவ்வளவுதான். சைக்கிளில் பிறேக் கட்டை றிம்மை இறுக்குவது போல, இது சில்லோடு சுற்றும் டிஸ்கை இரண்டு பக்கமும் பிடிக்கிறது. டிஸ்கைக் காப்பாற்றத் தான் தேய்வதே அதன் வேலை. புதிதில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும், 3க்கு வந்தால் மாற்றுங்கள். பிறேக் அடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் முன்பாட்தான் முதலில் தேயும், அதிலும் ஜீப் பாரமானது.

சமதரையில் நிறுத்தி, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டும் வைத்துச் சில்லைக் கழற்றி, பாட்டைப் பிடித்திருக்கும் கவ்வியான கலிப்பரைத் திறந்து, பாட்டை அழுத்தும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினால்தான் தடித்த புதுப் பாட் உள்ளே போகும். கலிப்பரை அதன் பிறேக் ஒயில் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கலிப்பர் சறுக்கும் பின்களையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கடல்மேல் போகும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வரும் வாகனம் என்றால் உப்புக்காற்றில் அவை இறுகிப்போயிருக்கலாம், அப்புறம் ஒரு பாட் மட்டும் கரையும். இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முடிந்ததும், வாகனத்தை அசைக்க முதல், பெடல் இறுகும்வரை பல தடவை மிதியுங்கள். முதல் மிதியில் அது அடிவரை போகும், மறந்தால் மதில்தான் பிறேக்!

பிறேக் ஒயில் குறைந்தால் ஊற்றி நிரப்பினால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுக்கு இல்லாவிட்டாலும் பாட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும், ஆகவே போத்தலைத் திறக்க முதல் பாட்டைப் பாருங்கள்.