வீட்டிலேயே கார்ட்ரிட்ஜ் நிரப்புவோர் கேள்விகள்

கேள்வி: ஹெச்பி 803 கறுப்பு கார்ட்ரிட்ஜில் மை நிரப்பினேன். அச்சு தெளிவாகவே விழுகிறது. ஆனால் கணினித் திரை மை தீர்ந்துவிட்டது என்றே காட்டுகிறது. இதை எப்படி ரீசெட் செய்வது? (ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி)

பதில்: ரீசெட் செய்ய வேண்டிய தேவையே இல்லை. உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்பதை இந்த வகை பிரிண்டர் அளந்து பார்ப்பதில்லை; தெளித்த துளிகளை எண்ணிக் கணக்கு வைக்கிறது. நீங்கள் ஊசியால் ஏற்றிய மை அந்தக் கணக்கில் வராததால் பழைய கணக்கையே அது காட்டிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் என்று செய்தி வந்தால் 'சரி' என்பதை அழுத்திவிட்டுத் தொடரலாம். கேனான் வைத்திருப்பவர்களுக்கு இ13 அல்லது இ16 (E13, E16) என்ற பிழைக் குறியீடு வந்தால், ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் போதும். அந்த கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு காட்டுவது நின்றுவிடும், அச்சு தொடரும்.

ஆனால் இதன் பிறகு மையின் அளவைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த கார்ட்ரிட்ஜ்களில் நுண்ணிய மின்தடைகள் சூடேறி, மையில் ஆவிக்குமிழ் உண்டாகி, அதன் உந்துதலில்தான் துளி வெளியே பாய்கிறது. மின்தடையைக் குளிரவைப்பதும் அதே மைதான். ஆகவே மை வற்றிய பிறகும் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எப்படியாவது முடித்துவிடலாம் என்று அச்சிட்டுக்கொண்டே போனால் அந்த மின்தடைகள் கருகிவிடும். பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் பயன் இல்லை. நிரப்பியவுடன் கார்ட்ரிட்ஜைச் சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்து, அந்த எடையை லேபிளிலேயே எழுதி வையுங்கள். 1 மி.லி. மை ஏறக்குறைய 1 கிராம் என்பதால், எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதைத் திரையைவிட அந்தத் தராசு நம்பகமாகச் சொல்லும்.

கேள்வி: மதுரையில் அண்ணன் பயன்படுத்திய ஹெச்பி கார்ட்ரிட்ஜை வாங்கி வந்து நிரப்பினேன். 'பாதுகாக்கப்பட்ட கார்ட்ரிட்ஜ்' என்று சொல்லி என் பிரிண்டர் ஏற்க மறுக்கிறது. (தேவகோட்டை)

பதில்: அது அண்ணனுடைய பிரிண்டருடன் பூட்டப்பட்டுவிட்டது; அந்தப் பூட்டைத் திறக்க வழியில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவருடைய பிரிண்டரில் நன்றாக ஓடும். உங்கள் பிரிண்டரின் அமைப்புகளில் கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பை இப்போதே நிறுத்தி வைத்தால், இனி நீங்கள் போடும் கார்ட்ரிட்ஜ்களாவது பூட்டப்படாமல் இருக்கும்.

கேள்வி: வண்ண கார்ட்ரிட்ஜை நிரப்பியதிலிருந்து மஞ்சள் விழ வேண்டிய இடத்தில் பச்சை விழுகிறது. (பள்ளத்தூர்)

பதில்: மஞ்சள் அறைக்குள் நீலம் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அளவுக்கு மீறி ஏற்றியதே காரணம். இல்லையென்றால் துளை மாறியிருக்கும். எந்த அறையில் எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், படத்தை நம்பாமல், ஒவ்வொரு துளையிலும் புதிய பல்குச்சியை விட்டு அதில் ஒட்டும் நிறத்தைப் பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். சிறிய வண்ண கார்ட்ரிட்ஜ்களில் அறைக்கு 2 மி.லி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பது பஞ்சு என்பதால் வேகமாக ஏற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக ஏற்றி, துளையின் வாயில் மை தெரிந்ததும் நிறுத்தி, சிறிது பின்னுக்கு இழுத்துவிடுங்கள். மேல் துளைகளை டேப் ஒட்டி அடைக்கக் கூடாது. மை கீழே இறங்க இறங்க மேலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். அடைத்துவிட்டால் சில பக்கங்களிலேயே அச்சு வெளுத்துப்போகும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: டிஸ்யூ காகிதத்தை நாலாக மடித்து, நாசில் (மை தெளிக்கும் நுண்துளைகள்) பக்கம் கீழே இருக்கும்படி கார்ட்ரிட்ஜை அதன்மேல் வையுங்கள். மூன்று நிறக் கோடுகளும் தனித்தனியாகப் பதியும் வரை காகிதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தாமிர நிறத் தொடுபகுதியை மட்டும் தேய்க்க வேண்டாம். எப்சன் பாட்டில் மையை ஹெச்பி, கேனான் கார்ட்ரிட்ஜில் ஊற்றுவோரும் இருக்கிறார்கள். எப்சனில் மை சூடாக்கப்படுவதில்லை, அழுத்தித்தான் தள்ளப்படுகிறது. வெப்பத்தில் இயங்கும் கார்ட்ரிட்ஜுக்கு அந்த மை ஏற்றதல்ல.

கேள்வி: படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) திருமணத்துக்கும் மட்டுமே ஊர் வீட்டைத் திறக்கிறோம். ஒவ்வொரு முறையும் கார்ட்ரிட்ஜ் காய்ந்து கிடக்கிறது. (கானாடுகாத்தான்)

பதில்: காய்ந்த கார்ட்ரிட்ஜை வெதுவெதுப்பான பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல), நாசில் மட்டும் நனையும்படி சில நிமிடங்கள் நிறுத்தி, பிறகு டிஸ்யூவில் ஒற்றிப் பாருங்கள். உப்புப் படிந்துவிடும் என்பதால் போர் தண்ணீர் வேண்டாம். வண்ண மை எளிதில் கரையும். நிறமித் துகள் கலந்த கறுப்பு மை பிடிவாதமானது. வீட்டைப் பூட்டும் முன் பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணைக்க வேண்டும்; சுவர் ஸ்விட்சை முதலில் அணைத்தால், நாசில் தன் மூடியில் சென்று அமராமல் வழியிலேயே நின்று காய்ந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மை பிரிண்டரே பொருந்தாது என்பதுதான் என் உறுதியான கருத்து. லேசர் பிரிண்டரில் இருப்பது தூள் என்பதால் காய்ந்துபோகும் கவலை இல்லை.

கேள்வி: என் டேங்க் பிரிண்டர் 'வேஸ்ட் இங்க் பேட் நிறைந்துவிட்டது' என்று நின்றுவிட்டது. இணையத்தில் இலவச ரீசெட் மென்பொருள் கிடைக்கிறது, பயன்படுத்தலாமா? (தேவகோட்டை)

பதில்: ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் வெளியேறும் மை, பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில் சேர்கிறது. அதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. வரம்பைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும். மேலே சொன்ன மை அளவுச் செய்தியைப் போல இதை அலட்சியம் செய்ய முடியாது, ஏனென்றால் இங்கே பஞ்சு உண்மையாகவே நனைந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பஞ்சை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் அழித்தேன். சில மாதங்களில் மேசை முழுவதும் மை பரவி, அடியில் வைத்திருந்த வீட்டுப் பத்திர நகல்கள் பாழாயின. முதலில் பஞ்சை மாற்றுங்கள், பிறகு எண்ணிக்கையை அழியுங்கள். ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும் இலவச மென்பொருளை, வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். சர்வீஸ் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே பாதுகாப்பானது. கேனான் ஜி2020, ஜி3020 போன்றவற்றில் இந்தப் பஞ்சு தனிப் பெட்டியாக வருவதால் நீங்களே மாற்றிவிடலாம்.

கேள்வி: மை நிரப்பும்போது ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்திவிட்டது. (ஆத்தங்குடி)

பதில்: உடனே தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு ஈரத் துணியால் மீண்டும் மீண்டும் ஒற்றுங்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. ஆசிட் ஊற்றினால் கறையோடு பூவேலைப்பாடும் அரித்துப்போகும். அடுத்த முறை எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் வைத்து நிரப்புங்கள்.