சேலத்துக்கு ஒரு கொடி என்றால் அதில் என்ன இருக்கலாம்?

கேள்வி: சேலம் மாநகருக்கு அதிகாரபூர்வமாக ஒரு கொடி வைப்பதென்றால், ஊரில் எல்லோருக்கும் பொதுவானதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

யாரைக் கேட்டாலும் முதலில் மாம்பழம் என்பார்கள். அங்கேயே சிக்கல். அது பாமக பல தேர்தல்களில் நின்ற சின்னம். கம்பத்தில் ஏற்றினால் மல்கோவாவை எவர் நினைப்பார்? நிறமும் அப்படித்தான். கருப்பு சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று எதைத் தொட்டாலும் ஒரு கட்சியோ சாதிச் சங்கமோ ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறது.

சரி, யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று எல்லாவற்றையும் போட்டுவிடலாமா? உருக்காலை, தறி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, கோட்டை மாரியம்மன் கோபுரம். கோபுரம் வந்தால் மசூதியும் சர்ச்சும் வராமல் முடியாது. கடைசியில் காதுகுத்து ஃப்ளெக்ஸ்தான் மிஞ்சும். அமெரிக்காவில் பொக்கடெல்லோ என்ற ஊரின் கொடியில் எழுத்து, வணிகக் குறி, காப்புரிமைக் குறிப்பு வரை இருந்தது. 2004-ல் கொடி ஆர்வலர் சங்கம் ஒன்று 150 நகரக் கொடிகளுக்கு மதிப்பெண் வாங்கியதில் அதற்குத்தான் கடைசி இடம். 2017-ல் மாற்றிவிட்டார்கள்.

என் ஓட்டு வெள்ளைக்கு. செவ்வாப்பேட்டைப் பக்கம் சந்துக்குள் போனால், வாசற்படியில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண்களைப் பார்க்கலாம். அந்த வெள்ளி வெள்ளை. பூமிக்கடியில் இருக்கும் மேக்னசைட் தாது வெள்ளை. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்கு வரும் ஜவ்வரிசி வெள்ளை. புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டைச் சொல்லவே வேண்டாம். தட்டான், சுரங்கக்காரர், கிழங்கு போட்ட விவசாயி, நெசவாளி நாலு பேரும் ஒரே நிறத்தில் அடங்கிவிடுகிறார்கள்.

அதன் மேல் சேர்வராயன் மலையின் விளிம்பு மட்டும் ஒரே கோடாக, கருநீலத்தில். நீலத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டு, தெரியும். ஆனால் ஊரிலிருந்து பார்த்தால் மலை அந்த நிறத்தில்தான் தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்ய? அந்த மலையிலுள்ள ஏற்காடு, மாநகராட்சி எல்லையிலேயே இல்லையே என்று ஒருவர் நிச்சயம் கிளம்புவார். இல்லைதான். ஆனால் அஸ்தம்பட்டியில் நின்றாலும் அம்மாப்பேட்டையில் நின்றாலும் வடக்கே திரும்பினால் கண்ணில் படுவது அதுதான், எந்தச் சாதிக்காரர் நின்றாலும்.

தேர்வு முறையில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: எடுத்தவுடன் ஆன்லைன் ஓட்டு வேண்டாம். யாரிடம் வாட்ஸ்அப் குரூப் அதிகமோ அவர்தான் ஜெயிப்பார். வந்த வரைபடங்களை முதலில் நாலு மண்டலத்திலும் மாநகராட்சிப் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, மறுநாள் பார்க்காமல் வரையச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வரைய வராததை, யார் அனுப்பியிருந்தாலும், எடுத்து வைத்துவிடலாம். மிஞ்சுவது நாலைந்துதான் இருக்கும். அப்புறம் ஓட்டு வைத்துக்கொள்ளட்டும்.