கேள்வி - பதில்: லாகின் ஆகிறது, டேட்டா நகரவில்லை

(தனியார் கிளவுடில் ஸ்டோரேஜ் இணைப்பு தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும். ஹோஸ்ட் என்பது வி.எம்.களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் சர்வர். ஐஸ்கஸி என்பது ஸ்டோரேஜ் பெட்டியின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக ஹோஸ்டுக்குத் தரும் முறை. டார்கெட் என்பது அதில் ஸ்டோரேஜ் பக்கத்து முனை.)

கேள்வி: மூன்று ஹோஸ்ட்களுடன் ஓடிக்கொண்டிருந்த கிளவுடில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தோம். ஐஸ்கஸி டார்கெட்டைக் கண்டுபிடிக்கிறது, லாகின் ஆகிறது, டிஸ்க்கும் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு வி.எம்.மைக் கிளப்பினால் பாதியில் உறைந்துவிடுகிறது. மற்ற மூன்றிலும் தொல்லை இல்லை. ஸ்டோரேஜில் கோளாறா?

பதில்: ஸ்டோரேஜில் கை வைக்காதீர்கள். மூன்று ஹோஸ்ட்களுக்கு ஒழுங்காக வேலை செய்யும் பெட்டி நான்காவதற்கு மட்டும் மக்கர் செய்வது அபூர்வம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை. டார்கெட்டைக் கண்டுபிடிப்பதும் லாகினும் சில நூறு பைட்களில் முடிகிற வேலை. டிஸ்க்கிலிருந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் பாக்கெட் முழு அளவுக்கு நிரம்பி வரும். ஹோஸ்டிலும் ஸ்டோரேஜிலும் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்களில்) 9000 என்றிருக்க, நடுவில் புதிதாகச் செருகிய ஸ்விட்ச் போர்ட் மட்டும் 1500-இல் கிடந்தால் இதுதான் நடக்கும்.

ரவுட்டராக இருந்தால் ‘பாக்கெட் பெரிதாக இருக்கிறது’ என்று தகவலாவது திருப்பி அனுப்பும். ஸ்விட்ச் அப்படிச் சொல்லாது. பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். அனுப்பியவர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். வி.எம். உறைவது அதனால்தான்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். புதிய ஹோஸ்டிலிருந்து ஸ்டோரேஜின் ஐ.பி.க்கு பிங் செய்யுங்கள். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தை அவசியம் சேருங்கள் (லினக்ஸில் ‘-M do’). அளவை முதலில் 1472 என்றும், பிறகு 8972 என்றும் கொடுங்கள். 9000-இல் ஐ.பி. தலைப்புக்கு 20, பிங்கின் தலைப்புக்கு 8 போனால் மிஞ்சுவது 8972. வெறுமனே 9000 என்று கொடுத்துவிட்டு ‘ஜம்போ (9000 அளவுப் பெரிய பாக்கெட்) வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர்.

1472-க்குப் பதில் வந்து, 8972-க்கு ‘செய்தி மிக நீளம், எம்.டி.யு. 1500’ என்று உடனே பிழை வந்தால் தவறு உங்கள் ஹோஸ்டுக்குள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் கார்டு, பாண்ட் (பல கார்டுகளை ஒன்றாகச் சேர்த்த இணைப்பு), வி-லான் (ஒரே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்), பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதோ ஒன்று 1500-இல் நிற்கும். பிழையும் வராமல் பதிலும் வராமல் அமைதியாக இருந்தால் தவறு நடுவழியில். ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள். இரண்டு ஸ்விட்ச்களுக்கு இடையே ஓடும் இணைப்பையும் விடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஸ்விட்சில் 9000 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் கூடாது. சில ஸ்விட்ச்கள் ஃபிரேமின் (ஈதர்நெட் தலைப்போடு சேர்ந்த பாக்கெட்டின்) மொத்த அளவைக் கணக்கில் எடுக்கும். 9000-உடன் ஈதர்நெட் தலைப்பு 14, வி-லான் குறி 4, இறுதிச் சரிபார்ப்பு 4 சேர்ந்தால் 9022. பல ஸ்விட்ச்கள் 9216 வரை ஏற்கும், அதையே வைத்துவிடுங்கள்.

ஸ்விட்சைத் தொட அனுமதி கிடைக்கும்வரை ஒரு வழி உண்டு. புதிய ஹோஸ்டின் ஸ்டோரேஜ் கார்டை மட்டும் 1500-க்கு இறக்கி, லாக்-அவுட் செய்து மறுபடி லாகின் செய்யுங்கள். பாக்கெட் அளவை டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் பேசி முடிவு செய்வதால், சின்ன அளவுக்கு இறங்கி வேலை நடக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் பழைய அளவிலேயே இருக்கும் என்பதால்தான் மறு லாகின்.

எங்கள் கருத்து: எல்லா இடத்திலும் 1500 என்பது நல்ல அமைப்பு. எல்லா இடத்திலும் 9000 என்பதும் நல்ல அமைப்பு. பாதிக்குப் பாதி வைப்பதுதான் ஆளைத் தூங்கவிடாது.

கேள்வி: இரண்டு ஹோஸ்ட்கள் மாறி மாறி ஸ்டோரேஜிலிருந்து கழன்றுகொள்கின்றன. ஒன்றை அணைத்தால் மற்றது சீராக ஓடுகிறது. கேபிள், போர்ட் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று.

பதில்: இரண்டையும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்தீர்களா? அப்படியென்றால் இரண்டுக்கும் இனிஷியேட்டர் பெயர் (டார்கெட்டிடம் ஹோஸ்டை அடையாளம் காட்டும் பெயர்) ஒன்றாகவே இருக்கும். ஒரே பெயரில், ஒரே செஷன் அடையாளத்துடன் இன்னொரு லாகின் வந்தால், பழைய ஆளே திரும்பி வந்திருக்கிறார் என்று டார்கெட் நினைத்து முந்தைய செஷனை மூடிவிடும். வெளியே தள்ளப்பட்டவர் உடனே மீண்டும் லாகின் செய்ய, அடுத்தவர் கழல்வார். இது ஓயாது.

இரண்டு ஹோஸ்ட்களிலும் ஐஸ்கஸி அமைப்புக் கோப்புறையில் உள்ள இனிஷியேட்டர் பெயர்க் கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால், ஒரு ஹோஸ்டின் வி.எம்.களை நிறுத்தி லாக்-அவுட் செய்யுங்கள். ‘iscsi-iname’ கட்டளையால் புதுப் பெயர் எடுத்துக் கோப்பில் எழுதி, ஐஸ்கஸி சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். புதுப் பெயரை ஸ்டோரேஜின் அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகே லாகின் செய்ய வேண்டும். சேர்க்காவிட்டால் டார்கெட் மறுத்துவிடும். டெம்ப்ளேட்டிலும் அந்தக் கோப்பைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த குளோனில் இதே கதைதான்.

கேள்வி: மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை வைக்கும் முறை) போட்டு, இரண்டு ஸ்விட்ச் வழியாக இரண்டு பாதை வைத்திருக்கிறோம். சோதனைக்காக ஒரு கேபிளை உருவினால் வி.எம்.கள் இரண்டு நிமிடம் உறைந்து பிறகுதான் எழுகின்றன. மறுபாதை உடனே எடுத்துக்கொள்ள வேண்டாமா?

பதில்: அந்த இரண்டு நிமிடம் லினக்ஸ் ஐஸ்கஸியின் மாற்று நேர வரம்பு (replacement_timeout), இயல்பாக 120 விநாடி. பாதை அறுந்த பிறகும் ‘ஒருவேளை திரும்பி வரும்’ என்று ஐஸ்கஸி அடுக்கு அத்தனை நேரம் ரீட்-ரைட் கோரிக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கையை விட்ட பிறகுதான் மல்டிபாத் அவற்றை மறுபாதைக்கு அனுப்ப முடியும். மல்டிபாத் இருக்கும் இடத்தில் இதை 5-க்கு இறக்குங்கள்.

அமைப்புக் கோப்பில் மாற்றினால் மட்டும் போதாது. அது இனிமேல் கண்டுபிடிக்கப்படும் டார்கெட்டுகளுக்குத்தான். ஏற்கெனவே பதிவான ஒவ்வொரு டார்கெட்டின் பதிவையும் ‘iscsiadm’ கட்டளை கொண்டு புதுப்பித்து, பாதை பாதையாக லாக்-அவுட், லாகின் செய்ய வேண்டும். மாற்றிவிட்டும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஒற்றைப் பாதை உள்ள ஹோஸ்டில் இந்த 5 விநாடியை வைக்காதீர்கள். ஸ்விட்ச் ஒருமுறை ரீபூட் ஆனாலே பிழை நேராக ஃபைல் சிஸ்டத்துக்குப் போய், அது படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிவிடும்.

இரண்டு பாதையும் ஒரே சப்நெட்டில் (ஐ.பி. முகவரிப் பிரிவில்) இருந்தால் அதையும் பிரியுங்கள். ஒரே சப்நெட்டில் லினக்ஸ் இரண்டு பாதைக்கும் ஒரே கார்டு வழியாகவே வெளியே போகக்கூடும்.

கேள்வி: 10 கிகாபிட் கேபிள் இரண்டைச் சேர்த்து எல்.ஏ.சி.பி. பாண்ட் போட்டும் வேகம் 10-ஐத் தாண்டவில்லை.

பதில்: தாண்டாது. ஒரு டி.சி.பி. இணைப்பு ஒரே கேபிளில்தான் ஓடும். ஐஸ்கஸிக்கு பாண்டைக் கழற்றிவிட்டு இரண்டு சப்நெட், மல்டிபாத் என்று மாற்றுங்கள்.

கேள்வி: என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வர் விழுந்தால் அதை மவுண்ட் செய்த (தன் கோப்புறையாக இணைத்துக்கொண்ட) எல்லாமே தொங்கிவிடுகின்றன. ‘சாஃப்ட்’ மவுண்ட் வைத்தால் தொங்காது என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வி.எம். டிஸ்க்குகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சாஃப்ட் என்றால், சில முயற்சிகளுக்குப் பிறகு என்.எஃப்.எஸ். பிழையைத் திருப்பித் தந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த டேட்டா பாதியில் நின்று, கோப்பு கெட்டுப்போகலாம். ‘ஹார்ட்’ மவுண்ட் தொங்குவது உங்கள் டேட்டாவைக் காப்பதற்காகத்தான். சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சர்வர் எழுந்த பிறகும் தொங்கினால் 2049 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பு 3 என்றால் 111-ம், மவுண்ட் சேவையின் போர்ட்டும் சேர்த்து வேண்டும். அந்த மவுண்ட் போர்ட்டை நிலையான எண்ணாக வைக்காவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு எண் மாறி ஃபயர்வாலில் சிக்கிக்கொள்ளும். விழுந்ததற்குப் பதிலாக மாற்று சர்வர் ஒன்று பொறுப்பேற்கும் அமைப்பில், தொங்காமல் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ (பழைய கோப்பு அடையாளம் இனிச் செல்லாது) என்று வந்தால், பெரும்பாலும் மாற்று சர்வர் அதே பகிர்வை வேறு அடையாளத்துடன் தருகிறது என்று பொருள். இரு சர்வர்களின் எக்ஸ்போர்ட் கோப்பிலும் ‘எஃப்.எஸ்.ஐ.டி.’ (பகிர்வின் அடையாளம், fsid) ஒரே எண்ணாக இருக்கட்டும். பிறகு ஹோஸ்டில் ‘லேசி’ முறையில் (umount -l) அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள்.